ஊட்டி ரோட்டுக்கு உப்புத்தண்ணி அடிச்சா என்ன?

28 டிசம்பர், இரவு 9.10 (கோயம்புத்தூர் வாசகர் ஒருத்தர் கேட்டது)

நேத்து விடியக்காலம் தலைகுந்தா கிட்ட பனி பாக்க வண்டிய ஓரமா நிறுத்துனோம். திரும்ப எடுக்கறப்ப முன் சக்கரம் ரெண்டும் சும்மா சுத்துது, வண்டி சைடு வாங்கி பள்ளத்துப் பக்கம் போகுது, பின்னாடி குழந்தைங்க ஒரே கத்தல். அமெரிக்கால இதுக்குன்னே லாரில உப்புத்தண்ணிய ரோட்டுல அடிச்சிட்டு போறாங்க, வீடியோ பாத்தேன். ஊட்டில மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்கறாங்க? உப்புக்கா பஞ்சம், தூத்துக்குடில மலை மாதிரி குவிச்சு வச்சிருக்கான்.

29 டிசம்பர், காலை 7.15

நீங்க வழுக்குனது ஐஸ்ல இல்ல. புல்லுல நிறுத்தியிருப்பீங்க, நீர்ப்பனில நனைஞ்ச புல்லு, அடியில சேறு, டயரும் மொட்டையா இருந்திருக்கும். ஊட்டில 22 வருசமா ஒர்க் ஷாப் வச்சிருக்கேன், டிசம்பர் ஆனா இந்த கதைய யாராவது கொண்டு வந்துருவாங்க. நம்மூர் உறைபனி புல்லுல விழும், கார் கூரைல விழும், பைக் சீட்டுல விழும். தார் ரோட்டுல விழாது.

29 டிசம்பர், இரவு 10.40

காலைல கொஞ்சம் வெடுக்குனு சொல்லிட்டேன், டீ குடிக்காம போன தொட்டா இப்படித்தான். அந்த உப்புத்தண்ணி லாரிய நான் கண்ணால பாத்திருக்கேன், அத சொல்றேன்.

பொண்ணு அமெரிக்கால விஸ்கான்சின்ல இருக்கா. ஒரு வருசம் குளிர்காலம் பூரா அங்க தான் இருந்தேன். வேலை வெட்டி இல்ல, ஜன்னல் தான் கதி. ஒரு நாள் மத்தியானம், வானம் பளிச்சுனு இருக்கு, பனி கினி ஒண்ணும் இல்ல, ஒரு லாரி பின்னாடி பெரிய பிளாஸ்டிக் டேங்க் வச்சிட்டு வருது, டேங்குக்கு கீழ ரோட்டுக்கு குறுக்க ஒரு குழாய், குழாய் பூரா ஓட்டை, ஓட்டைல இருந்து நேரா கீழ தண்ணி ஊத்திட்டே போகுது. கொஞ்ச நேரத்துல ரோடு காஞ்சு பட்டை பட்டையா வெள்ளக் கோடு, நோட்டுப் புத்தகத்துல ரூல் போட்ட மாதிரி. நான் என்ன நெனச்சேன்னா டேங்க் ஒழுகுதுனு. மாப்பிள்ளைய கூப்பிட்டு 'யாருக்காவது போன் பண்ணி சொல்லுங்க மாப்பிள்ளை, பாவம் அவனுக்கு தெரியல போல'னு சொன்னேன். வீடே சிரிச்சுது.

விசயம் இதுதான். பனி விழுந்தப்புறம் உருக்கறது ஒரு வேலை. விழறதுக்கு முன்னாடியே ரோட்டோட அது ஒட்டாம பாத்துக்கறது வேற வேலை. அந்த லாரி செய்யறது ரெண்டாவது. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவற மாதிரி வச்சுக்கங்க. ராத்திரி பனி கொட்டுனா அடி படலம் உறைஞ்சு தாரோட பிடிச்சுக்காது, காலைல வாரித் தள்ற வண்டி வந்தா சுத்தமா கெளம்பி வந்துரும். ஒட்டிக்கிச்சுனா போச்சு, அத பேக்கறதுக்கு உப்பு மூட்டை மூட்டையா போகும்.

பழைய முறை கல்லுப்ப அப்படியே வீசறது. அங்க நியூ ஹாம்ப்ஷயர்ங்கற மாநிலத்துல 1938ல பரிசோதனையா ஆரம்பிச்சு, 1941 குளிர்காலத்துல இருந்து வழக்கமாவே ஆக்கிட்டாங்க. ஆனா காஞ்ச உப்பு வண்டில இருந்து விழுந்ததும் துள்ளும், சுமார் 30 சதவீதம் ரோட்ட விட்டு ஓரத்துக்கு ஓடிரும். ஈரமா இருந்தா ஒட்டும். அதனால தான் தண்ணில கரைச்சு ஊத்த ஆரம்பிச்சான்.

அளவு என்னன்னா லிட்டருக்கு 100 கிராம் இருக்கும்னு நெனைக்கிறேன். எவ்வளவு கூட போடறானோ அவ்வளவு நல்லது.

30 டிசம்பர், மாலை 6.05

தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் கடைசி ரெண்டு வரிய பிடிச்சு வெளுத்து வாங்கிட்டார், நியாயம் தான். ரெண்டுமே தப்பு. எழுதறப்பவே சந்தேகமா தான் இருந்துச்சு, இருந்தாலும் எழுதிட்டேன்.

சரியான அளவு எடைல 23.3 சதவீதம். வீட்டுக் கணக்குல ஒரு லிட்டர் தண்ணிக்கு 300 கிராம் உப்பு. அந்த அளவுல மைனஸ் 21 டிகிரி வரைக்கும் உறையாது. கம்மியா போட்டா சீக்கிரம் உறையும், அது எல்லாருக்கும் தெரியும். அதிகமா போட்டாலும் கெடுதி தான், குளிர குளிர உப்பு தனியா பிரிஞ்சு கல்லாகி குழாய அடைச்சிரும். அவர் உப்பளத்துல அளவு மீட்டர் மெதக்க விட்டு டிகிரி (சூடு இல்ல, உப்புத்தண்ணியோட அடர்த்தி) பாத்து வளந்தவர். 25 டிகிரி தொட்டா உப்பு விளைய ஆரம்பிக்கும், நீங்க சொல்ற லாரித்தண்ணி 22 கிட்ட வரும், விளையறதுக்கு கொஞ்சம் முன்னாடி நிறுத்தறான்னு சொன்னார். அந்த லாரி டெப்போலயும் அதே மாதிரி மீட்டர மெதக்க விட்டு தான் பாப்பாங்க. உப்பளத்து ஆளுக்கு இதுல யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

31 டிசம்பர், காலை 11.20

நம்பாம வீட்டு பிரீசர்ல வச்சு பாத்தேன். நாலு டம்ளர். வெறும் தண்ணி, லிட்டருக்கு 100 கணக்குல ஒண்ணு, 300ல ஒண்ணு, 400ல ஒண்ணு. ராத்திரி பூரா மைனஸ் 18.

வெறும் தண்ணி கல்லு. 100 கஞ்சி மாதிரி, கரண்டி போட்டா இறங்குது. 300 தண்ணியாவே இருக்கு, ஆனா தொட்டா விரல் விறைச்சு போகுது. 400 கலக்கறப்பவே முழுசா கரையல (360 கிட்ட தான் கரையும்), காலைல அடியில வெள்ளயா ஒரு கட்டி. தூத்துக்குடிக்காரர் ஜெயிச்சிட்டார். பிரீசர்ல எங்க வீட்டம்மா வச்சிருந்த பச்சப் பட்டாணில உப்பு கொட்டிருச்சு, அந்த பஞ்சாயத்து இன்னும் ஓடுது.

31 டிசம்பர், மதியம் 3.00

'உப்பு சூடு குடுத்து ஐஸ உருக்குதா'னு கூடலூர் தம்பி ஒருத்தர் கேக்கறார். இல்ல தம்பி. மேட்டுப்பாளையத்துல ஐஸ் கம்பெனி பாத்திருக்கீங்களா? பெரிய தொட்டி பூரா உப்புத்தண்ணி, அதுல தகர டப்பால நல்ல தண்ணி ஊத்தி இறக்கி வச்சிருப்பாங்க. தொட்டித் தண்ணி சைபருக்கு கீழ நிக்குது, உறையாது, டப்பா தண்ணி பாளமா உறைஞ்சிரும். அங்க இருக்கற சங்கதி தான் ரோட்டுலயும். உப்பு சூட்ட உண்டாக்காது, தண்ணி உறையற டிகிரிய கீழ தள்ளி விடுது, அவ்வளவு தான். கால்சியம் குளோரைடுனு ஒண்ணு இருக்கு, அத கரைச்சா கை சுடும், அது வேற ஜாதி, மைனஸ் 50 வரைக்கும் கூட தாங்கும், விலையும் அதுக்கு தகுந்த மாதிரி.

ஒண்ணு கவனிங்க. மைனஸ் 21னு சொன்னது டம்ளர்ல. ரோட்டுல பனி உருக உருக தண்ணி சேரும், உப்பு நீத்துப் போகும், நீத்துப் போனா திரும்ப உறையும். அதனால சாதா உப்பு மைனஸ் 9, 10 தாண்டுனா ரோட்டுல பெருசா பிரயோஜனம் இல்லம்பாங்க. முழங்கால் ஒசரத்துக்கு பனி கொட்டிக் கெடக்கறப்ப உப்புத்தண்ணி அடிக்கறது கொதிக்கற சாம்பார்ல ஒரு கல்லு உப்பு போடற கதை.

2 ஜனவரி, இரவு 8.30

அங்க வேற என்னென்ன ஊத்தறான்னு கேட்டீங்க. விஸ்கான்சின் சீஸ் ஊரு. சீஸ ஊறப்போட்ட உப்புநீர் மிச்சமாகும், சில இடத்துல அதையும் ரோட்டுக்கு விடறாங்க. இன்னொண்ணு பீட்ரூட் ஜூஸ். இத சொன்னதும் எங்க பக்கத்து தோட்டக்காரர் துள்ளி குதிச்சார், கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேக்கறப்ப ரோட்டுக்காவது ஊத்தலாம்லனு.

2 ஜனவரி, இரவு 9.50

திருத்தம், தோட்டக்காரர் மன்னிக்கணும். அது நம்ம ஊட்டி செவப்பு பீட்ரூட் இல்லயாம், பொண்ணு போன்ல சொன்னா. சர்க்கரை எடுக்கற வெள்ளக் கிழங்கு. சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சற பாகு, அத உப்புத்தண்ணில கலந்தா ரோட்டுல நல்லா ஒட்டிக்கும். ரோடெல்லாம் செவப்பா இருக்கும்னு நான் கற்பனை பண்ணி வச்சிருந்தேன்.

5 ஜனவரி, காலை 9.00

இன்னிக்கு காலைல 5.45க்கு ஒர்க் ஷாப் லேசர் தெர்மாமீட்டர எடுத்துட்டு தலைகுந்தா போனேன். ரேடியேட்டர் சூடு பாக்கற துப்பாக்கி, கொரோனால நெத்தில வச்சது இல்ல. ராத்திரி வானம் சுத்தமா, காத்தே இல்ல, உறைபனிக்குனே செஞ்ச ராத்திரி. பள்ளத்துல பூரா உப்பு தூவுன மாதிரி (பாருங்க வாய்ல என்ன வருதுனு).

புல்லு மைனஸ் 3. என் வண்டி பானட் மைனஸ் 2. தார் ரோடு நடுவுல பிளஸ் 4. பகல் பூரா வெயில குடிச்சு வச்சிருக்கும்ல, அது தான் காப்பாத்துது. பேப்பர்ல இன்னிக்கு குறைந்தபட்சம் பிளஸ் 2னு போட்டா ஐஸ் எப்படின்னு நெறைய பேர் கேப்பாங்க. அது தரைக்கு மேல ஆள் ஒசரத்துல பெட்டிக்குள்ள இருக்கற மீட்டர், புல்லு நுனி அதவிட கீழ போயிரும்.

சின்ன பாலம் ஒண்ணு இருக்கு, அதுல பிளஸ் 1. கீழயும் காத்து போறதால ரெண்டு பக்கமும் குளிருது. அமெரிக்கால பாலத்துக்கு முன்னாடி போர்டே வச்சிருப்பாங்க, ரோட்டுக்கு முன்னாடி பாலம் உறையும்னு.

இனி நான் தலைகுனிய வேண்டிய எடம். கோயம்புத்தூர் நண்பர் சொன்ன எடத்துல இறங்கி பாத்தேன். ஓரத்துல ஒரு தண்ணிக்குழாய் ஒழுகுது, புல்லு ஓரமா பரவி நிக்குது, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஐஸ். மெல்லிசு தான், ஆனா செருப்பு வச்சேன், வழுக்கிருச்சு. மைனஸ் 1 காட்டுது. சாமி, நீங்க ஐஸ்ல தான் வழுக்குனீங்க. 22 வருச அனுபவம்னு பீத்திக்கிட்டேன், வாபஸ். ரோட்டுல இல்ல, ரோட்டோரத்துலங்கறது மட்டும் என் கட்சி.

டயர் மொட்டைனு சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கறேன். (மொட்டை தானே?)

6 ஜனவரி, காலை 7.40

மொட்டை தானாம். ஒத்துக்கிட்டார்.

9 ஜனவரி, இரவு 7.50

விட மனசில்ல. ஒரு இஞ்ச் பிவிசி குழாய்ல அரை அடிக்கு ஒரு ஓட்டை, மொத்தம் அஞ்சு, மருந்தடிக்கிற மெஷின் ஹோஸ அதுல சொருகி குட்டி லாரி மாதிரி பண்ணிட்டேன். பத்து லிட்டர் தண்ணிக்கு மூணு கிலோ கல்லுப்பு, துணில வடிகட்டுனேன், இல்லாட்டி மண்ணு ஓட்டைய அடைக்குது. வாசல்ல புல்லு மேல ஒரு தகர ஷீட்ட போட்டு, ஷீட்டையும் புல்லையும் சேத்து ஏழு மணிக்கு அடிச்சு விட்டிருக்கேன். காலைல பாக்கலாம்.

10 ஜனவரி, காலை 8.15

பாதி பெயில். தகரத்துல பூரா உறைபனி, ஒரு பக்கம் மட்டும் கோடு தெரியுது. காரணம் நான் அடிச்ச நேரம். ஏழு மணிக்கு நீர்ப்பனி விழ ஆரம்பிச்சாச்சு, தகரம் கொஞ்சம் சாய்வு, நீத்துப்போய் வழிஞ்சு புல்லுக்கு போயிருச்சு. அங்க மழை வரும்னு தெரிஞ்சா லாரிய வெளிய எடுக்கவே மாட்டாங்க, அடிச்சதெல்லாம் கழுவிட்டு போயிரும். காஞ்ச ரோட்டுல வெயில்ல அடிச்சா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தாரோட ஒட்டி நிக்கும், ராத்திரி ஈரம் பட்டா அது தானா உயிர் பெறும். எங்க வீட்டு சமையக்கட்டுல உப்பு ஜாடி எப்பவும் கசிஞ்சிட்டே இருக்குமே, அந்த குணம் தான் அங்க உதவி.

11 ஜனவரி, காலை 8.40

நேத்து மத்தியானம் மூணு மணிக்கே அடிச்சேன். அஞ்சு வெள்ளக் கோடு காஞ்சு நின்னுச்சு. இன்னிக்கு விடியக்காலம் போய் பாத்தா கோடு இருக்கற எடம் அஞ்சும் ஈரம், ஐஸ் இல்ல. நடுவுல நடுவுல உறைபனி அப்படியே. சரி இதுல என்ன லாபம்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். அப்புறம் பழைய ஸ்கூட்டர் டயர் ஒண்ண எடுத்து மேல நாலு தடவ உருட்டுனேன் பாருங்க, ஈரம் பரவி நடுவுல இருந்த பனியும் பொலபொலனு விட்டிருச்சு. ஏன் கோடு கோடா ஊத்தறான், பூரா தெளிக்கலாமேனு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி இருந்துச்சு. மிச்சத்த பரப்பற வேலைய டயர் பாத்துக்குது. மெல்லிசா தெளிச்சா லாரி போற காத்துக்கு பறந்துரும், ரோடு மொத்தமும் ஈரமானா அதுவே வழுக்கும், நடுவுல காஞ்ச பட்டை இருந்தா டயருக்கு பிடி கிடைக்கும். தகர ஷீட்டு முன்னாடி குத்தவச்சு உக்காந்து இத புரிஞ்சுக்கறப்ப வயசு 57.

12 ஜனவரி, காலை 6.30

ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல சர்ர் சர்ர்னு சத்தம். டார்ச் அடிச்சா காட்டெருமை. ஒண்ணு இல்ல, மூணு. ஒண்ணு தகரத்த நக்குது, ரெண்டு புல்ல நக்குது. எங்க வீட்டம்மா ஜன்னல் வழியா என்னய பாத்த பார்வைய எழுத முடியாது.

12 ஜனவரி, மதியம் 1.10

இப்ப நிதானமா. மாட்டுக்கு உப்புன்னா உசிருனு எங்க மலைல சின்னக் குழந்தைக்கும் தெரியும். படுகர் ஊர்ல உப்பட்டுவ ஹப்பானு மாட்டுக்கு உப்புத்தண்ணி குடுக்கறதுக்கே ஒரு பண்டிகை, தோடர்களும் எருமைக்கு உப்பு குடுக்கறத சடங்காவே செய்வாங்க. எனக்கு தெரிஞ்சிருக்கணும், தோணவே இல்ல. கனடா பக்கம் மூஸ்னு குதிரை ஒசரத்துக்கு ஒரு மான் இருக்கு, அது ரோட்டுல உப்பு நக்க வந்து நின்னு கார்ல அடிபடுது, ஓட்டறவனும் சாகறான். கல்லட்டி ரோட்ட நெனச்சு பாருங்க. 36 கொண்டை ஊசி, உப்பு போட்ட ரோடு, வளைவுல திரும்புனா நடுவுல காட்டெருமை நாக்க நீட்டிட்டு நிக்குது. வழுக்கறதே தேவலை.

கணக்கும் போட்டு பாத்தேன். அமெரிக்கால ஒரு வண்டி போற தடத்துக்கு கிலோமீட்டருக்கு சுமார் 95 லிட்டர் ஊத்தறாங்க, உப்பா பாத்தா 26 கிலோ. இங்க பத்து கிலோமீட்டர், போக வர ரெண்டு தடம், ஒரு ராத்திரிக்கு 520 கிலோ. உறைபனி முப்பது ராத்திரினு வச்சா பதினஞ்சு டன் தாண்டும். அது எங்க போகும்? மழை பேஞ்சா பள்ளத்துக்கு தான், தலைகுந்தா பக்கம் பள்ளம்னா காமராஜ் சாகர் அணை. உப்ப தண்ணில இருந்து வடிகட்டி எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அங்கயே ஏரியெல்லாம் உப்பேறுதுனு இப்ப அளவ குறைக்க பாக்கறாங்க, கரைச்சு ஊத்தறதுல பாதி காரணம் அது தான்.

வண்டிக்கும் ஆகாது. மாப்பிள்ளை காருக்கு அடியில படுத்து பாத்தேன், ஆறு வருச வண்டி, பிரேக் பைப்பு செதில் செதிலா உதிருது, சைலன்சர் தொட்டா கையோட வருது. எங்க ஷாப்புக்கு ராமேஸ்வரம் வண்டி வந்தா தான் நான் அப்படி பாத்திருக்கேன்.

14 ஜனவரி, இரவு 9.20

பொங்கல் வாழ்த்து சொல்லிட்டு ஒருத்தர் கேக்கறார், தேயிலைல அடிச்சா உறைபனில கருகாம இருக்குமானு. ஐயா தயவு செஞ்சு அடிச்சிராதீங்க! பனி கருக்குனா கவாத்து பண்ணா திரும்ப துளிர்க்கும், உப்பு போன மண்ணு லேசுல திரும்பாது. நம்மாளுங்க செய்யறதே சரி, கேரட்டுக்கு விடியக்காலம் ஸ்பிரிங்க்ளர்ல நல்ல தண்ணி, பூங்கால பூச்செடிக்கு மேல கோத்தகிரி மிலார்ங்கற செடிய போட்டு மூடறது. தண்ணி உறையறப்ப தன்கிட்ட இருக்கற சூட்ட விடும், கிராமுக்கு 80 கலோரி, அதுல செடி தப்பிக்கும். உறையாம பாக்கறது ஒரு வித்தை, உறைய விட்டு காப்பாத்தறது இன்னொரு வித்தை.

22 ஜனவரி, மாலை 5.30

அந்த குழாய் விசயம். சொல்ல வேண்டிய எடத்துல சொன்னேன், பாக்கறோம்னாங்க, இன்னும் பாத்துட்டு தான் இருக்காங்க. நானும் பக்கத்து டீக்கடைக்காரரும் ஒரு ரப்பர் டியூப கிழிச்சு இறுக்கி கட்டிட்டோம், ஓரத்துல ரெண்டு சட்டி சாம்பலும் மணலும் கொட்டியாச்சு. இன்னிக்கு காலைல மைனஸ் 2, ஒரு ஐஸும் இல்ல.

7 மார்ச், காலை 10.00

கோடை மழை ஒண்ணு பேஞ்சு வாசல் பூரா பச்ச. அஞ்சு கோடு மட்டும் காஞ்ச பழுப்பு, தகரம் கெடந்த எடத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா. வீடியோ கால்ல பொண்ணு பாத்துட்டு 'அப்பா அது என்ன லைன்'னா. நான் வாய தொறக்கல. ஓரத்துல இருந்த ஜெரேனியம் தொட்டி நாலும் போச்சு, அத வீட்டம்மா இன்னும் கவனிக்கல. யாராவது குன்னூர் பக்கம் செவப்பு ஜெரேனியம் நாத்து வச்சிருந்தா சொல்லுங்க, அவசரம்.